பெரிகோரில் ஒரு நாள்: ஆறா, குகையா, சந்தையா, சும்மா இருப்பதா?

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வால்நட் மரத்தடி மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தோம். மறுநாள் எங்கே போவது என்பதுதான் பேச்சு. பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு ஆற்றில் துடுப்புப் போட வேண்டும். ஆறு வயதுச் சின்னவனுக்குக் கோட்டை, அதுவும் கல் வீசும் எந்திரம் உள்ள கோட்டை. என் வீட்டுக்காரருக்கு ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை. அத்தைக்குச் சந்தை. "உனக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு எங்கேயும் போக வேண்டாம். நான் அப்படிச் சொன்னதை யாரும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் பாரிஸ் புறநகரில் இருப்பவர்கள். அத்தை புதுச்சேரியிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்தார். ஈஃபில் கோபுரம், அருங்காட்சியகம் எல்லாம் காட்டி முடித்த பிறகு ஒரு நாள், "இந்த ஊர்ல வயல், மாடு, கிணறு இதெல்லாம் கிடையாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக எடுத்ததுதான் இந்த ஒரு வாரம். பிரான்ஸின் தென்மேற்கே, தோர்தோன் மாவட்டத்தில், சார்லா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு ஜீத். ஜீத் என்றால் வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் நாட்டுப்புற வீடு. கோடையில் பெரும்பாலும் சனியிலிருந்து சனி வரைதான் தருவார்கள். சனிக்கிழமை மாலை சாவி வாங்கினால், அடுத்த சனி காலை பத்து மணிக்குள் அடுப்பைத் துடைத்து, குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். ஆக இரண்டு சனிக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது ஆறு நாள், அதில் ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிக் கிடக்கும்.

ஏன் இந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு: லாவெண்டர் பார்க்க ப்ரொவான்ஸ் போகலாம், ஜூலையில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். அரண்மனை பார்க்க லுவார் பள்ளத்தாக்கு போகலாம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காரில் நிறைய நேரம் போகும். பழைய பெயரில் பெரிகோர் என்று அழைக்கப்படும் இந்த நாட்டில் ஆறு, கோட்டை, குகை, சந்தை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சார்லாவைச் சுற்றியுள்ள பகுதிக்குக் கருப்புப் பெரிகோர் என்று பெயர். ஓக் காடுகளின் கருமையை வைத்து வந்தது. வீடுகளோ தேன் நிறக் கல். சாயங்கால வெயில் படும்போது ஊரே சுட்ட ரொட்டி மாதிரி இருக்கும்.

ஆனால் எல்லாம் பக்கத்தில் இருப்பதில்தான் சிக்கல். திங்கட்கிழமை எங்களை அது நன்றாகவே ஏமாற்றியது. காலையில் ஒரு கோட்டை, மதியம் சாப்பாடு, பிறகு இன்னொரு கோட்டை, அப்படியே ஒரு குளியல் என்று திட்டம். முதல் கோட்டையிலிருந்து இறங்கி, கார் நிறுத்திய இடத்தைத் தேடி, ஒரு உணவகத்தின் வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு பத்து. உள்ளே பாதி மேசை காலி. "சமையலறை மூடிவிட்டது, மன்னியுங்கள்" என்றார் பணியாளர். அடுத்த இடத்தில் திங்கள் விடுமுறை. கடைசியில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய சிப்ஸ் பொட்டலங்களை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து டிகிரி வெயிலில் காரின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அத்தை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வந்த எலுமிச்சை சாதத்தை அமைதியாகச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் பகல் பன்னிரண்டு மணி என்பது ஒரு சுவர். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். சின்னக் கடை, தபால் நிலையம், ஏன், சில ஊர்களில் தேவாலயக் கதவுகூட அப்போது சாத்தியிருக்கும். இரண்டுக்குப் பிறகு சாப்பாடு கேட்டால் ஐஸ்கிரீம்தான் மிஞ்சும். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எதை முடிப்பது, அந்தப் பக்கம் எங்கே இருப்பது என்று தெரிந்துவிட்டால் நாள் தானாக அமைந்துவிடும். அதனால் செவ்வாய் இரவு ஒவ்வொரு யோசனையையும் மூன்று கேள்வி வைத்து உரசிப் பார்த்தோம். மதியச் சாப்பாடு எங்கே? காரில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும்? சாயங்காலம் நாலு மணிக்கு யார் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள்?

முதலில் ஆறு, அதாவது தோர்தோன் ஆறு. இரண்டு வருஷத்துக்கு முன் இதே பக்கம் வந்தபோது நானும் பெரியவளும் ஒரு நாள் துடுப்புப் படகில் போயிருக்கிறோம். இங்கே கனோ என்பார்கள். வித்ராக் என்ற ஊரில் ஏறி பெய்னாக் என்ற ஊரில் இறங்கினால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். விடாமல் துடுப்புப் போட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் விடாமல் போடுவதற்கா வருகிறோம்? வழியெல்லாம் கூழாங்கல் திட்டுகள். படகைத் திட்டில் இழுத்துப் போட்டுவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். பல இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் வரும், அடியில் கிடக்கும் கல்லின் நிறம்கூடத் தெரியும். முதலில் இடப்பக்கம் மலைமேல் தோம் என்ற ஊர், 1281-இல் மூன்றாம் ஃபிலிப் மன்னன் கட்ட வைத்த அரணூர். பிறகு ஒரு வளைவில் லா ரோக் கஜாக்: செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். அந்தப் பாறை 1957-இல் சரிந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். கீழே படகில் மிதந்துகொண்டு அண்ணாந்து பார்க்கும்போது அது ஞாபகம் வரும். அதையும் தாண்டினால் கஸ்தெல்நோ கோட்டை, கடைசியாக பெய்னாக் கோட்டை. நூறாண்டுப் போரில் ஒன்று ஆங்கிலேயர் பக்கம், மற்றது பிரெஞ்சு மன்னன் பக்கம். ஆற்றின் இரு கரையில் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இந்த இரண்டையும் நடுவில் தண்ணீரிலிருந்து பார்ப்பதுதான் சரியான பார்வை என்பது என் கட்சி. மேலே ஏறிப் போனால் ஒரு கோட்டையிலிருந்து மற்றது மட்டும்தான் தெரியும்.

கணக்குக்கு வருவோம். ஆள் ஒன்றுக்கு 20 யூரோவை ஒட்டி ஆகும். லைஃப் ஜாக்கெட்டும், சாப்பாடு, போன், மாற்றுத்துணி போட்டுத் திருகி மூட ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் தருவார்கள். குழந்தைக்கு வழக்கமாக ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுப் பிரச்சினையே இல்லை, பீப்பாயில் இருக்கிறது. இன்னொன்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சில இடங்களில் காரை முடிவிடத்தில் நிறுத்தச் சொல்லி, வேனில் மேலே கொண்டுபோய் இறக்குவார்கள். சில இடங்களில் படகுப் பயணம் முடிந்த பிறகு வேனுக்காகக் கரையில் காத்திருக்க வேண்டும். குழந்தையோடு போகிறவர்களுக்கு முதல் வகைதான் நல்லது. நனைந்த துணியோடு, களைத்துப்போன பிள்ளையோடு, வேன் வருமா வருமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் நாளின் சந்தோஷம் பாதி போய்விடும். காலை ஒன்பதரைக்குள் ஆற்றில் இறங்கிவிட வேண்டும். பதினொன்றுக்கு மேல் ஜூலை, ஆகஸ்டில் ஆற்றிலேயே டிராஃபிக் ஜாம்.

அத்தைக்கு ஆறு ஒத்துவராது. அதற்கு மாற்று இருக்கிறது. லா ரோக் கஜாக்கில் கபார் என்ற தட்டையடிப் படகில் பெஞ்சு போட்டு ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டுகிறார்கள். பழைய காலத்தில் இந்தப் படகுகள் மேற்கே திராட்சை நாட்டுக்குப் பீப்பாய் செய்ய மரம் ஏற்றிப் போகும். போய்ச் சேர்ந்ததும் படகையே உடைத்து மரமாக விற்றுவிட்டு, படகோட்டி நடந்தே ஊர் திரும்புவானாம். ஆனால் ஒரே நாளில் நாங்கள் கனோவிலும் அத்தை கபாரிலும் என்று பிரிந்தால், ஓட்டிப்போக, கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அது லீவு நாள் இல்லை.

அடுத்து லாஸ்கோ. இதில் என் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் காட்டில் ஒரு துளைக்குள் இறங்கிக் கண்டுபிடித்த குகை. சுமார் 17,000 ஆண்டுப் பழமையான காளைகளும் குதிரைகளும் மான்களும் சுவர் முழுக்க ஓடுகின்றன. ஒரு காளை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963-இல், ஆந்த்ரே மல்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது, மூடிவிட்டார்கள். இப்போது மோந்தினியாக்கில் நாம் பார்ப்பது 2016 கடைசியில் திறந்த முழு நகல். லாஸ்கோ 4 என்று பெயர்.

"நகலைப் பார்க்க 20 யூரோவுக்கு மேல் கொடுத்து எதற்கு?" என்று போகாதவர்கள் கேட்பார்கள். போன பிறகு நான் கேட்க மாட்டேன். பாறையின் புடைப்பையே காளையின் தோளாக்கி வரைந்திருப்பது நகலிலும் அப்படியே இருக்கிறது. வழிகாட்டி விளக்கை அசைக்கும்போது அந்தத் தோள் நகர்கிற மாதிரி ஒரு கணம் தோன்றும். நிஜமான ஓவியம்தான் வேண்டும் என்பவர்கள் லெ ஸெய்சி பக்கம் ஃபோன் தெ கோம் குகைக்குப் போகலாம். அங்கே பல வண்ண மூல ஓவியங்களை இன்னும் காட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு மிகச் சிலருக்குத்தான்; கோடையில் நினைத்தவுடன் போய் நிற்கிற இடம் அது இல்லை.

குறை என்னவென்றால், சீட்டில் மணி போட்டிருக்கும். பத்து நாற்பது என்றால் பத்து நாற்பது. மணி பார்க்கும் நாளை நான் ஓய்வு நாள் என்று கணக்கில் எடுக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் போனபோது சின்னவனுக்கு நாலு வயது. இருட்டிலும் குளிரிலும் வழிகாட்டி ஒரு மணி நேரம் பேசுகிறார், அவன் பத்தாவது நிமிடத்தில் "மாடு பார்த்தாச்சு, போலாம்" என்று சத்தமாகச் சொன்னான். பிரெஞ்சில் சொன்னதால் எல்லோருக்கும் புரிந்தது. எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாகப் போகலாம். ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். மழை நாளுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது, ஆனால் மழை வந்தால் சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அதையேதான் நினைப்பார்கள்.

கோட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சின்னவனுக்குப் பிடிக்கும், எனக்கு முழங்கால் வலிக்கும். கஸ்தெல்நோவில் இடைக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. மதில் ஓரத்தில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கல்வீசும் எந்திரங்கள் நிற்கின்றன. ஆறு வயதுப் பையனுக்குச் சொர்க்கம். ஆனால் கார் நிறுத்துமிடத்திலிருந்தே ஏற்றம், உள்ளே சுழற்படி, வெயிலில் நிழல் கிடையாது. அத்தை திங்கட்கிழமை கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். வயதானவர்கள் கூட இருந்தால் கோட்டைக்குப் பதில் மிலாந்த் மாளிகையைப் பார்க்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்து பாரிஸ் மேடைகளை ஆண்ட ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு. பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கேதான் வளர்த்தார். கடன் முற்றி 1969-இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அதே பிரான்ஸ் 2021-இல், நாட்டின் பெருமக்களுக்கான பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் இடம் தந்து அவரைக் கௌரவித்தது. தோட்டத்தில் பருந்து, ஆந்தை எல்லாம் பறக்கவிட்டுக் காட்டுவதால் சின்னவர்களுக்கும் பொழுது போகும்.

இனி சந்தை. சார்லாவில் புதன் காலையும் சனிக்கிழமையும் பெரிய சந்தை. மறுநாள் புதன். உண்மையைச் சொன்னால், அத்தை கேட்டதால்தான் இதை யோசனைகளில் சேர்த்தோம். எனக்கு நம்பிக்கை இல்லை. சந்தையில் குழந்தைகள் என்ன செய்வார்கள்? வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஆனால் மூன்று கேள்வியையும் போட்டுப் பார்த்தால் இதுதான் தேறியது. போக வர ஒரே ஒரு முறை கார். மதியச் சாப்பாட்டைச் சந்தையே தரும், வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். மாலை நாலு மணிக்கு எல்லோரும் ஜீத்தின் நீச்சல் குளத்தில் இருப்பார்கள், அப்போது முகத்தைத் தூக்க யாருக்கும் காரணம் இருக்காது. செலவு கூடையின் அளவுக்குத்தான்.

எட்டே முக்காலுக்கு ஊருக்குள் நுழைந்துவிட்டோம். ஒன்பதரைக்கு வந்திருந்தால் கார் நிறுத்த இடம் தேடுவதே வேலையாகியிருக்கும். சார்லா பழைய ஊர். மனிதர்கள் தாமாகவே முன்வந்து ஒருவனுக்கு ஏன் அடிமைப்படுகிறார்கள் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே கேட்ட எத்தியென் தெ லா பொயெசி பிறந்த வீடு தேவாலயத்துக்கு எதிரே இன்னும் நிற்கிறது. லாஸ்கோவை மூடிய அதே மல்ரோவின் பெயரில் 1962-இல் வந்த சட்டம்தான் பழைய ஊர்ப்பகுதிகளைக் காப்பாற்றியது, முதலில் பழுது பார்க்கப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. அதனால் சந்தை என்பது இங்கே தகரக் கொட்டகை இல்லை. கல் பாவிய சந்துகளில் குடை விரித்துக் கடை போட்டிருக்கிறார்கள். பழைய செயின்ட் மேரி தேவாலயத்தையே மூடிய சந்தையாக மாற்றியிருக்கிறார்கள். அதன் வாசலில் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு இரண்டு இரும்புக் கதவுகள். இந்த ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் செய்தவை. உள்ளே பலிபீடம் இருந்திருக்க வேண்டிய பக்கம் ஒருவர் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு மொழி தெரியாது, ஆனால் சந்தை தெரியும். முதல் கடையிலேயே பீன்ஸ் குவியலில் கைவிட்டு முற்றல், பிஞ்சு பிரிக்க ஆரம்பித்தார். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே கையை மெல்ல விலக்கி, தானே அள்ளிப் போட்டார். இங்கே வாங்குகிறவர் தொடக் கூடாது, விற்கிறவர்தான் எடுத்துத் தருவார். அத்தைக்கு அது கொஞ்சம் சுருக்கென்று பட்டது. அடுத்த கடையில் முலாம்பழம். கடைக்காரர் பெரியவளிடம், "இன்றைக்கு மதியத்துக்கா, ராத்திரிக்கா?" என்று கேட்டார். அவள் விழித்தாள். எப்போது சாப்பிடப்போகிறோம் என்று சொன்னால் அதற்கேற்ற பக்குவத்தில் எடுத்துத் தருவாராம். மதியத்துக்கு என்றதும் நாலைந்து பழத்தைத் தூக்கி எடை பார்த்து, காம்படியை விரலால் அழுத்தி, முகர்ந்து, ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை நீட்டினார். அத்தை அதை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதற்கு அப்புறம் இருவருக்கும் நடுவில் யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

சுருக்கம் சுருக்கமாக, உள்ளங்கையைவிடப் பெரிய தக்காளி ஒன்று இங்கே உண்டு. அதன் பெயருக்கு அர்த்தம் மாட்டு இதயம். "என்ன பேரு?" என்று அத்தை கேட்டபோது என் வீட்டுக்காரர், "நாட்டுத் தக்காளிம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை, எந்த வழிகாட்டியிலும் கண்ணில் படாதது. இது வாத்து தேசம். சந்தையில் பாதிக் கடை வாத்து, மீதிப் பாதி வால்நட். வாத்தின் ஈரல், வாத்தின் கால், வாத்துக் கொழுப்பு டப்பாவில். இந்த ஊரின் பெயரையே தாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று இருக்கிறது. பூண்டும் பார்ஸ்லியும் தூவி, பார்க்க நம் வீட்டு வறுவல் மாதிரியே இருக்கும். அதை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். 'பெரிகோர் சாலட்' என்றால் இலைக்குள் வாத்தின் கல்லீரலோ இரைப்பையோ ஒளிந்திருக்கும். பூண்டு சூப்பில்கூட அந்தக் கொழுப்பு இருக்கலாம். உணவகத்தில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, "எந்தக் கொழுப்பில் சமைத்தது?" என்று கேட்க வேண்டும். சந்தையில் அந்தக் கவலை இல்லை. கபேக்கூ என்ற குட்டி ஆட்டுப்பால் சீஸ், வால்நட் எண்ணெய், ஸ்ட்ராபெரி, தக்காளி, ரொட்டி. அத்தைக்கு மதியச் சாப்பாடு முடிந்தது. உணவகத்துக்கு எதிராகச் சந்தைக்கு விழுந்த பெரிய ஓட்டு இதுதான்.

குழந்தைகள்? சின்னவன் பழைய வாத்துச் சந்தைத் திடலில் இருக்கும் வெண்கல வாத்துகள் மூன்றின் மேலும் முறை வைத்து ஏறி இறங்கினான். பெரியவள் கைச்செலவுக்குக் கொடுத்த பத்து யூரோவில் எதை வாங்குவது என்று இரண்டு சந்து நடந்து கடைசியில் எதையும் வாங்கவில்லை, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. வீட்டுக்காரர் சிறுபண்ணை ஒயின் விற்ற பெரியவரோடு முக்கால் மணி நேரம் பேசினார். பதினொன்றரைக்குக் கிளம்பிவிட்டோம்.

கடைசி யோசனை என்னுடையது: சும்மா இருப்பது. இதைத் தனி நாளாக வைப்பதா, சந்தையோடு ஒட்டவைப்பதா என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. முழு நாளும் ஜீத்திலேயே என்றால் செலவு கிடையாது, கார் கிடையாது. காலையில் ரொட்டிக்கடை வரை நடை. அங்கே சின்னவன் சாக்லேட் வைத்துச் சுட்ட ரொட்டியைப் பாரிஸ் பழக்கத்தில் "பேன் ஓ ஷொகொலா" என்று கேட்க, கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்து, "இங்கே அதுக்குப் பேர் ஷொகொலதீன்" என்று திருத்தியதும் நடந்தது. தென்மேற்கில் இது கௌரவப் பிரச்சினை, தெரியாமல் வாய்விட்டுவிடாதீர்கள். பத்து மணிக்கு ஜன்னலின் மரக்கதவுகளைச் சாத்திவிட வேண்டும். அரை மீட்டருக்கு மேல் தடித்த கல்சுவர். சாத்தி வைத்தால் உள்ளே மதியம் வரை குளுகுளு. இரவு ஒன்பதுக்கு மேல்தான் திறக்க வேண்டும். அத்தை இதை முதல் நாளே பிடித்துக்கொண்டார், எங்களுக்குத்தான் மூன்று நாள் ஆனது.

ஆனால் முழு நாள் சும்மா இருப்பது பெரியவர்களின் ஆசை. பதின்மூன்று வயதுக்கு வைஃபை பலவீனமான வீட்டில் மத்தியானம் மூன்று மணி என்பது பெரிய பாலைவனம். குளம் இருந்தாலும் ஒரு பெரியவர் எப்போதும் கரையில் கண் வைத்திருக்க வேண்டும். பிரான்ஸில் தரைக்குள் கட்டிய தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, கூரை, அலாரம் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் என்று 2003-இல் சட்டமே வந்திருக்கிறது, ஆனால் சட்டம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாது. ஆகவே "சும்மா" என்பதிலும் ஒருவருக்கு டியூட்டி உண்டு. பாதி நாள் என்றால் அந்த டியூட்டி சுமையாகத் தெரிவதில்லை, முறை மாற்றிக்கொள்ளலாம். அதனால் என் ஓட்டு: காலை ஏதாவது ஒன்று, மதியத்திலிருந்து சும்மா. வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாளாவது காலையும் சும்மா வேண்டும் என்கிறார். அவருக்கு அந்த நேரத்தில் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் முடிவு இப்படிப் பிரிந்தது. பாட்டி தாத்தா கூட வந்திருந்தால், அல்லது ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், சந்தைக் காலையும் வீட்டு மதியமும். நீந்தத் தெரிந்த பிள்ளைகள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆறு. லாஸ்கோவை மழைக்கு வைத்துக்கொள்ளலாம், சீட்டை மட்டும் வானிலை பார்த்து முந்தின நாளே எடுத்துவிட வேண்டும். கோட்டை ஒன்றே ஒன்று, அதுவும் கதவு திறந்தவுடன். இரண்டு கோட்டை என்று யாராவது சொன்னால் என்னைக் கேளுங்கள், சிப்ஸ் கதையை இன்னொரு முறை சொல்கிறேன்.

புதன் இரவு பக்கத்துக் கிராமத்தில் இரவுச் சந்தை. ஜூலை, ஆகஸ்டில் பல ஊர்களில் வாரம் ஒரு நாள் நடக்கும். திடலில் நீளமேசை, பெஞ்சு போட்டிருப்பார்கள். வேண்டியதைக் கடை கடையாக வாங்கிவந்து யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டு, கத்தி, முள்கரண்டி, கிளாஸ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். தெரியாமல் வெறுங்கையோடு வருகிறவர்களைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும். நாங்கள் எவர்சில்வர் தட்டு ஐந்து எடுத்துப் போயிருந்தோம். எதிரே உட்கார்ந்த அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். புதுச்சேரி என்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது, "போந்திஷேரி!" என்று உரக்கச் சொல்லித் தன் கணவரை இடித்தார்.

சின்னவன் உருளைக்கிழங்கு ஃப்ரை பொட்டலத்தோடு ஓடிவந்தான். அத்தை ஒன்றை எடுத்துவிட்டு அப்படியே நிறுத்தினார். "எதுல பொரிச்சதுன்னு கேட்டியாடா?"

அவன் கேட்கவில்லை. பெரியவள் எழுந்து கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது தூரத்திலேயே தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டு வந்தாள். அத்தை அந்த ஒற்றைத் துண்டைச் சின்னவன் தட்டில் வைத்துவிட்டு, மதியம் மிச்சமிருந்த கபேக்கூவை ரொட்டியில் தடவ ஆரம்பித்தார். மணி பத்து. மறுநாள் காலை ஒன்பதரைக்கு வித்ராக்கில் மூன்று பேருக்குப் படகு சொல்லியாயிற்று. நானும் அத்தையும் வீட்டில்.